நோவா ஏன் வாய் திறக்கவில்லை?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பார்ட்டி ஹோல், ஒரு முதலாம் பிறந்தநாள். கேக் நோவாவின் பேழை வடிவில் வந்திருந்தது. மேல்தட்டிலிருந்து இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. கீழே நீலக் கிறீமில் அலை, ஓரத்தில் சீனியில் ஒரு வானவில். நல்ல வடிவான கேக். ஊர் உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் மூழ்கிப்போன கதையை ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குச் சீனியில் செய்துவைத்திருக்கிறோமே என்று பக்கத்தில் நின்றவரிடம் சும்மா சொன்னேன். சும்மா சொல்லக்கூடாத இடம். மட்டன் ரோல்ஸ் முடிந்த பிறகும் வாக்குவாதம் முடியவில்லை.

முதல் அரைமணி நேரம் வழமையான கணக்குத்தான். கூட்டத்தில் ஓர் எஞ்சினியர் இருந்தால் அது தவிர்க்க முடியாதது. 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம்; இன்றைய அளவில் நீளம் ஏறத்தாழ 135 மீற்றர். இதற்குள் எத்தனை இனம் கொள்ளும், கங்காரு எப்படி வந்தது, வந்தது எப்படித் திரும்பிப் போனது, மலைகளை மூடிய தண்ணீர் பிறகு எங்கே வடிந்தது? எதிர்ப்பக்கத்தில் ஒரே பதில்: கடவுளால் முடியாதது என்ன? இந்த வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. இரண்டு பக்கமும் கதையை ஒரு கப்பல்துறை அறிக்கைபோலத்தான் வாசிக்கின்றன. கென்டக்கியில் 2016இல் பைபிள் அளவுப்படியே ஒரு பேழையைக் கட்டிச் சனத்துக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். 2017, 2018இல் பெய்த மழையில் அதற்குப் போகும் பாதையோரம் மண் சரிந்தது. உரிமையாளர்கள் 2019இல் இன்சூரன்ஸ்காரர்மேல் வழக்குப் போட்டார்கள். பேழைக்காரர் மழைக்கு நட்டஈடு கேட்ட அந்தச் செய்தியோடு அளவுக் கணக்கை மூடிவிடலாம்.

விஷயத்தைக் கையில் எடுத்தவர் கேக் ஓடர் பண்ணின அன்ரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர், பைபிளைக் கரைத்துக் குடித்தவர்.

"தம்பி, முழத்தை விடுங்கோ. சனம் கெட்டுப்போச்சு. கடவுள் பொறுத்துப் பார்த்தார். நோவா பிரசங்கம் பண்ணிப் பார்த்தார். ஒருத்தரும் கேக்கேல்லை. அதுக்குப் பிறகுதானே மழை வந்தது? இதில என்ன நியாயப் பிழை கண்டனீங்கள்?"

இதுதான் கேள்வி. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். சைவப் பிள்ளையாய் இருந்தாலும் வேதப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவன். அந்தத் துணிவில் சொன்னேன்: நோவா பிரசங்கம் பண்ணினதாக ஆதியாகமத்தில் இல்லை, அன்ரி. அவரை அப்படிச் சொல்வது புதிய ஏற்பாட்டில் பேதுருவின் இரண்டாம் நிருபம். வெள்ளக் கதை நடக்கும் அதிகாரங்களில் அந்த மனுசன் வாயே திறப்பதில்லை. பேழை செய் என்றால் செய்கிறார். ஏறு என்றால் ஏறுகிறார். இன்னும் ஏழு நாளில் மழை என்று சொன்னபோதும், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே புத்தகத்தில் பன்னிரண்டு அதிகாரம் தள்ளி ஆபிரகாம் இருக்கிறார். சோதோமை அழிக்கப்போகிறேன் என்று கடவுள் சொன்னதும் நின்று பேரம் பேசுகிறார். 50 நீதிமான்கள் இருந்தால் விடுவீரா என்று தொடங்கி, 45, 40, 30, 20 என்று இறக்கி, 10இல் வந்து நிற்கிறார். பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் மோசேயும் சனத்துக்காக வழக்காடியவர். நோவா மட்டும் பேசாமல் பலகை அடித்தார். இதை யூத உரையாசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்காகக் கவனித்து வைத்திருக்கிறார்கள். நோவா தன் தலைமுறையில் நீதிமான் என்று பைபிள் சொல்வதைப் புகழ்ச்சியாகவும் எடுக்கலாம், ஆபிரகாமின் காலத்தில் பிறந்திருந்தால் ஒன்றுக்கும் கணக்கில் வந்திருக்கமாட்டார் என்றும் எடுக்கலாம் என்று 11ஆம் நூற்றாண்டின் ராஷி இரண்டு வாசிப்பையும் பதிந்திருக்கிறார். வெள்ளத்தில் மீன்கள் ஏன் சாகவில்லை என்றுகூடக் கேட்டவர்கள் அந்த ரபிமார். கேள்வி கேட்டவர்களை அவர்கள் சபையை விட்டுக் கலைக்கவில்லை.

நோவா முதன்முதலாக வாய் திறக்கும் இடம் எது தெரியுமா? ஒன்பதாம் அதிகாரம். தண்ணீர் வடிந்து, திராட்சைத் தோட்டம் போட்டு, குடித்துவிட்டு, கூடாரத்தில் ஆடையில்லாமல் கிடக்கிறார். மகன் காம் அதைக் கண்டுவிடுகிறான். வெறி தெளிந்து எழும்பிய நோவாவின் முதல் பேச்சு ஒரு சாபம். அதுவும் கண்ட மகனுக்கில்லை, அவனுடைய பிள்ளை கானானுக்கு. அடிமைக்கு அடிமையாய்ப் போ என்கிற அந்தச் சாபத்தைப் பிடித்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் ஆபிரிக்க மக்களை அடிமை வைத்ததற்கு வேத நியாயம் சொன்னார்கள். உலகத்தில் தேறிய ஒரே நல்ல குடும்பத்தின் நிலைமை இது.

அன்ரிக்குக் கோபம் வந்தது. "நோவா பிழை விட்டால் கடவுளின்ர நியாயம் பிழையா?"

நல்ல அடி. ஆனால் அதற்குப் பதிலும் பைபிளிலேயே இருக்கிறது. ஆறாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தில் வெள்ளத்துக்குக் காரணம் சொல்லப்படுகிறது: மனிதனின் இருதயத்து நினைவெல்லாம் எப்போதும் பொல்லாதது. சரி. எட்டாம் அதிகாரம் இருபத்தோராம் வசனத்தில் வெள்ளம் முடிந்து, நோவா பலி கொடுத்தபின், இனி இப்படி ஒருபோதும் அழிக்கமாட்டேன் என்று கடவுள் தன் மனதுக்குள் தீர்மானிக்கிறார். அதற்குச் சொல்லப்படும் காரணம்? மனிதனின் இருதயத்து நினைவு சிறுவயது தொடங்கிப் பொல்லாதது. அழித்ததற்கும் அதுதான் காரணம், இனி அழிக்காமல் விடுவதற்கும் அதுதான் காரணம். ஒரு நீதிபதி இப்படித் தீர்ப்பு எழுதினால் மேல்நீதிமன்றம் ஒரே நாளில் தள்ளிவிடும்.

எனக்கு இது கதையின் ஓட்டையாகப் படவில்லை. கதையிலேயே நேர்மையான இடம் இதுதான். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் மனிதன் ஒரே ஆள். மாறியவர் கடவுள். அந்த வழி வேலை செய்யாது என்று கண்டு அவரே ஆயுதத்தைக் கீழே வைக்கிறார். வில்லை மேகத்தில் மாட்டிவிட்ட கதையைத்தான் நாங்கள் சீனி வானவில்லாக வெட்டிச் சாப்பிடுகிறோம்.

இந்தக் கேள்வி பைபிளுக்கும் முந்தியது. 1872 டிசம்பரில் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்மித் லண்டனில் ஒரு களிமண் பலகையின் செய்தியை வாசித்துக் காட்டினார். கேட்டவர்களில் பிரதமர் கிளாட்ஸ்டனும் ஒருவர். கில்கமேஷ் காவியத்தின் பதினோராவது பலகை. பேழை, பறவைகள், மலையில் தங்கியது, பலி எல்லாம் அதில் இருக்கின்றன. இன்னும் பழைய அத்ரஹாசிஸ் கதையில் வெள்ளத்துக்குக் காரணம் பாவமே இல்லை. சனம் பெருகிச் சத்தம் போட்டது, என்லில் என்ற கடவுளுக்கு நித்திரை கெட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் சனிக்கிழமை இரவு ஸ்காபரோ எப்போதோ முழுகியிருக்கவேண்டும். கில்கமேஷில் இதைவிட ஒரு நல்ல இடம் உண்டு. வெள்ளம் வடிந்ததும் எயா என்ற இன்னொரு கடவுள் என்லிலைப் பிடித்து ஏசுகிறார்: குற்றம் செய்தவன்மேல் குற்றத்தைப் போடவேண்டியதுதானே, எல்லாரையும் ஏன் மூழ்கடித்தாய் என்று. அன்ரியிடம் நான் கேட்டதை அவர் எப்போதோ கேட்டுவிட்டார்.

எங்கட பக்கக் கதைகளில் பாதிக்குப் பாவி தேவையில்லை. பாகவதத்தில் மீன் வந்து காப்பாற்றும் சத்தியவிரதன் திராவிட நாட்டரசன். அவன் கையில் மீன் அகப்பட்டது கிருதமாலை ஆற்றில், அது வைகைதான் என்பார்கள். சீர்காழியில் ஊழி வெள்ளத்தில் சிவனும் உமையும் தோணியில் மிதந்து வந்தார்கள். தோணியப்பர் இன்னும் அங்கேதான். கும்பகோணத்தில் மிதந்து வந்து தங்கியது ஒரு குடம். இங்கெல்லாம் ஊழி என்பது காலம் முடிந்தால் வருவது. தண்டனை இல்லை.

ஆனால் மீதிப் பாதி நல்லாய் இல்லை. மணிமேகலையில் புகார் நகரைக் கடல் கொள்கிறது. ஏன்? அரசன் இந்திர விழாவை எடுக்காமல் விட்டான். ஏன் விட்டான்? கடலில் தொலைந்த குழந்தையைத் தேடி அலைந்ததால். பிள்ளையைத் தொலைத்த தகப்பன் திருவிழாவை மறந்தது குற்றம், முழுகியது ஊர். சிங்களவரின் மகாவம்சத்தில் களனித் தீசன் என்ற அரசன் குற்றமற்ற பிக்கு ஒருவரைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டான். கடல் கோபித்து ஊர்களை விழுங்கியது. கடலைச் சமாதானப்படுத்த அரசன் மகளைப் படகில் ஏற்றி விட்டான். அவள் கரையேறி விகாரமகாதேவியாகி, எல்லாளனோடு போரிட்ட துட்டகைமுனுவுக்குத் தாயானாள். எண்ணெய் கொதிக்கவைத்தவன் ஒருவன், செத்தது கரையோரச் சனம். பைபிள்காரரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்குத் தகுதி இல்லை, சிங்களவருக்கும் இல்லை.

இந்த இடத்தில் அன்ரி கேட்ட ஒரு கேள்விதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

"அப்ப கெட்டவனுக்கு ஒண்டும் நடக்கத் தேவையில்லை எண்டு சொல்லுறீங்களோ? 2009இல நீங்களும் ரோட்டில நிண்டனீங்கள்தானே?"

நின்றேன். 2009 மே 10, ஞாயிற்றுக்கிழமை, கனடாவில் அன்னையர் தினம். வன்னியில் கடற்கரைத் துண்டு ஒன்றுக்குள் அடைபட்ட சனத்தின்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இங்கே ஆயிரக்கணக்கில் தமிழர், தள்ளுவண்டியில் குழந்தைகளோடும் கிழவிகளோடும், கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்து மணிக்கணக்காகப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். மறுநாள் நகரம் முழுக்கப் பேசியது போக்குவரத்து நெரிசலைப் பற்றி. அன்றிரவு என் மனதில் இருந்தது ஆபிரகாமின் பேரம் இல்லை. ஒரு வெள்ளம் வந்து எல்லாவற்றையும் துடைத்தால் என்ன என்றுதான் இருந்தது. பைபிளின் வெள்ளக் கதையை எழுதியவர்களும் பேரரசுகளிடம் மிதிபட்ட சனம். அதன் ஒரு பகுதி பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தை ஒட்டி உருவம் பெற்றது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பூமி கொடுமையால் நிறைந்தது என்று அவர்கள் எழுதியபோது வாழ்ந்து கண்டதைத்தான் எழுதினார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன், அன்ரி. கொடுமை செய்தவன் தண்டிக்கப்படவேண்டும். ஆனால் தண்ணீருக்கு ஆள் பார்க்கத் தெரியாது. அதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள்.

2004 டிசம்பர் 26. ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள், போயா தினம். கிறிஸ்தவருக்கும் பௌத்தருக்கும் நல்ல நாள். சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் நிலநடுக்கம். இலங்கையின் கிழக்குக் கரைக்குச் சுனாமி அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. பசிபிக்கில் இருந்ததுபோல் இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. அந்த இரண்டு மணி நேரம் வீணாய்ப் போயிற்று. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் போனார்கள். தமிழ்நாட்டில் வேளாங்கண்ணி மாதாவின் பேராலயத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. வெளியே கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். கும்பிட வந்தவர்கள் அவர்கள். மட்டக்களப்பில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் நாவலடியில், கிறிஸ்தவச் சிறுவர் இல்லம் ஒன்றின் போதகர் பிள்ளைகளை ஒரு படகில் ஏற்றி வாவிக்குள் ஓட்டித் தப்பினார். அதைச் சாட்சியாகச் சபைகளில் இன்றும் சொல்கிறார்கள். நானும் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறேன். அதே நாவலடியில் படகு இல்லாத வீடுகளில் இருந்த பிள்ளைகள் என்ன பொல்லாப்புச் செய்தார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த நாட்களில் ரொறன்ரோவில் எல்லா விளக்கமும் கேட்டேன். சிலை வணக்கத்தால் வந்தது, மாடு வெட்டியதால் வந்தது, குடியால் வந்தது, போரால் வந்தது. சொன்ன எல்லாரும் பேழைக்குள் இருந்தவர்கள்: ஹீட்டர் போட்ட வீட்டில், கையில் தேத்தண்ணியோடு. தப்பியவனுக்கு இந்த விளக்கம் ஏன் இனிக்கிறது என்பது விளங்குகிறது. செத்தவன் கெட்டவன் என்றால் நான் நல்லவன். எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது விமான ரிக்கெட் ஒன்றுதான் என்று ஒத்துக்கொள்வது கஷ்டம்.

வெள்ளத்துக்குப் பின்னும் மனிதன் அதே ஆள் என்கிற எட்டாம் அதிகாரத்தை நம்பாதவர்கள் சுனாமிக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். முதல் சில நாட்கள் தமிழனும் முஸ்லிமும் சிங்களவனும் ஒருவருக்கொருவர் சோறு கொடுத்தார்கள், பிணம் தூக்கினார்கள். ஆறே மாதத்தில் நிவாரணத்தைப் பங்கிடுவதில் சண்டை. அரசும் புலிகளும் சேர்ந்து உதவி நிர்வகிக்கும் பொதுக்கட்டமைப்பு 2005 ஜூன் 24இல் கைச்சாத்தானது. அதை எதிர்த்து ஜே.வி.பி. அதற்கு முன்னரே அரசை விட்டு வெளியேறியிருந்தது. முஸ்லிம்கள் தங்களைக் கேட்காமல் செய்ததாகக் குறைப்பட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கிய பிரிவுகளுக்குத் தடை போட்டது. கூடாரத்தில் இருந்த சனம் கூடாரத்திலேயே இருந்தது. அடுத்த ஆண்டு முழுப் போர். 2009இல் முள்ளிவாய்க்கால், சுனாமி ஏறி வந்த அதே முல்லைத்தீவுக் கரை.

ஆனால் அதே அலை அடித்த ஆச்சேயில் வேறு நடந்தது. முப்பது வருடம் அடிபட்ட இந்தோனேசிய அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் 2005 ஓகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் உடன்பாட்டுக்கு வந்தன, அது நிலைத்தது. தண்ணீர் இரண்டு இடத்துக்கும் பொது. மேசைக்கு வந்தவர்கள்தான் வேறு.

நாங்கள் வந்து குடியேறிய இந்த ஊருக்கும் ஒரு பெருவெள்ளம் உண்டு, எங்கட ஆட்கள் பலருக்குத் தெரியாது. 1954 ஒக்டோபர் 15, வெள்ளிக்கிழமை இரவு, ஹேசல் சூறாவளி. ஏற்கெனவே மழையில் ஊறிப்போயிருந்த மண்ணில் சில இடங்களில் 200 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றோரம் ரேமோர் டிரைவ் என்ற ஒற்றைத் தெருவில் மட்டும் 35 பேர், வீடுகளோடு போனார்கள். காப்பாற்றப் போன தொண்டர் தீயணைப்பு வீரர் ஐந்து பேரும் செத்தவர்களில் அடக்கம். பாவக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஐந்து பேரை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

அந்தத் தெருவின் குற்றம், ஆறு பெருகினால் வந்து படுக்கும் நிலத்தில் வீடு கட்டினது. அனுமதி கொடுத்தவர்களும் இருந்தார்கள். பிறகு நகரம் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆற்றோர நிலங்களை வாங்கி, அங்கே வீடு கட்டக்கூடாது என்று சட்டம் போட்டு, 1957இல் பிரதேச நீர்நிலைப் பாதுகாப்புக்கு ஓர் அதிகாரசபையை அமைத்தார்கள். ரேமோர் டிரைவின் அந்தப் பகுதி இன்று பார்க். கோடையில் நாங்கள் கோழி சுடப் போகும் பள்ளத்தாக்குப் பூங்காக்களில் பல அப்படி மிஞ்சியவை. அதற்காக இங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை. 2013 ஜூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் ஒரே மாலையில் 126 மில்லிமீற்றர் பெய்து, டொன் பள்ளத்தாக்கில் ஒரு கோ (GO) ரயில் தண்ணீருக்குள் நின்றது. 2024 ஜூலையில் திரும்பவும் அதே பள்ளத்தாக்கில் கார்கள் மிதந்தன. ஆனாலும் ஹேசலில் செத்தவர்களின் ஒழுக்கத்தை ஆராயாமல் வரைபடத்தை ஆராய்ந்தார்கள். அதனால் பிறகு பல உயிர் தப்பியிருக்கிறது.

மனிதப் பொல்லாப்புக்கும் வெள்ளத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறது, ஆனால் முழுகுகிறவன் வேறு ஆள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் இலங்கை மலையகம் சரிந்தது. தோட்டத் தொழிலாளியைத் தலைமுறை தலைமுறையாகச் சரிவுக்குக் கீழே லயன் அறைகளில் வைத்திருந்தது யார்? சென்னையில் வெள்ளநீரை வாங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பைக் கூறுபோட்டு விற்றது யார்? அவர்கள் ஒருவரும் முழுகவில்லை. கரியைக் கக்கிக் கடலைச் சூடாக்கும் நாடுகளில் நபர் கணக்குப் பார்த்தால் கனடா முன்வரிசை. இரண்டு வாகனம் வைத்திருக்கும் நானும் அந்தக் கணக்கில்தான். ஆறாம் அதிகாரத்தில் பொல்லாதவன் வெளியே, நல்லவன் பேழைக்குள். இன்றைக்குப் பேழைக்குள் இருப்பவனின் புகைதான் வெளியே நிற்பவன்மேல் மழையாக விழுகிறது.

இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்ல அன்றைக்குப் பார்ட்டியில் இடம் கிடைக்கவில்லை. டீஜே பாட்டைக் கூட்டிவிட்டார். அன்ரி என் தட்டில் ஒரு துண்டு கேக் வைத்து, "உங்களுக்கு விசுவாசம் இல்லை, ஆனா வாசிப்பு இருக்கு, அது போதும்" என்றார். பெரிய மனசு. அவர் இதையும் வாசிப்பார் என்று தெரியும்.

ஆகையால் அவருக்கும், அவர்போல் நினைக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 26 வரும்போது, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் எங்கட கோயிலிலும் சபையிலும் பக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் காதுபட வெள்ளத்துக்குப் பாவக் காரணம் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் ஆதியாகமம் ஆறு தொடங்கி ஒன்பது வரை ஒரே இருப்பில் வாசியுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. வாசித்துவிட்டு வந்து என்னோடு சண்டை பிடியுங்கள்.